கொஞ்சுவதற்கு இல்லாத தெலுங்கு

எலும்பு முறிந்தால் கட்டுப்போட ஆந்திராவில் இருக்கும் எங்கள் புத்தூரில் ஆள் உண்டு. பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. வசம்பு உரசி நாக்கில் தடவினோம். காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டோம். மூன்று வயது முடிந்தும் என் மகளிடம் 'ம்மா', 'வா', 'தா' தவிர வேறு சொல் இல்லை. கடைசியில் போனைத் திறந்தோம்.

போனில் வைத்தியருக்கா பஞ்சம்? ஆளாளுக்கு ஒரு வீடியோ. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என் வீட்டுக்காரர் சேர்ந்தார். அதில் வந்த ஒரு வீடியோவில், வீட்டில் இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடும், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று ஒரு ஆள் அடித்துச் சொன்னான். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் சோறும் சாம்பாருமாகக் கலந்துதான் கிடக்கும். எதை விடுவது? பள்ளிக்கூடம் தெலுங்கு, வேலை தெலுங்கு.

"இனிமே பாப்பாகிட்ட தெலுங்குதான். ரெண்டையும் கலந்து பேசிக்கினு இருந்தா அதுக்கு ஒண்ணும் ஒட்டாது," என்றார் அவர்.

என் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. தக்காளி விலை கேட்பேன், மண்டல ஆபீசில் சண்டை போடுவேன். கொஞ்சுவதற்கான தெலுங்கு என்னிடம் கிடையாது. வா, தின்னு, படு என்பதைப் போலீஸ்காரர் மாதிரி 'ரா', 'தினு', 'பண்டுகோ' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். குளிப்பாட்டும்போது முன்பெல்லாம் ஓயாமல் ஏதாவது உளறிக்கொண்டிருப்பேன். இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பேசும் வேலையைப் போனிடம் விட்டோம். படம் காட்டித் தெலுங்கில் பெயர் சொல்லும் ஒரு பெண்ணின் வீடியோ நாள் முழுக்க ஓடியது. சில மாதங்களில் 'வா'வும் 'தா'வும் நின்றன. பிறகு 'ம்மா'வும். உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா.

திருப்பதியில் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அம்மாவிடம் ஒருவழியாக இடம் கிடைத்தது. பிள்ளையைப் பார்த்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, நீ இவளிடம் என்னென்ன பேசுவாய் என்று தெலுங்கில் கேட்டார். வீட்டுக்காரர்தான் வீடியோ கதையைச் சொன்னார். இரண்டு மொழியால் பேச்சுக் கோளாறு வராது, தாய்க்கு எது சரளமோ அதிலேயே ஓயாமல் பேச வேண்டும் என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான். அதைவிடப் பெரிய கோபம் அந்த வீடியோக்காரன்மேல். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால்தானே போய்த் திட்டுவதற்கு.

திரும்பும்போது பஸ்ஸில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, ரேணிகுண்டா தாண்டும்வரை தமிழில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

"அதோ பாரு கண்ணு, ரயிலு போய்க்கினு இருக்குது. பார்த்தியா என் தங்கம்?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் பையைத் துழாவிப் போனை எடுத்தாள். என் விரலைப் பிடித்து, அந்த வீடியோப் பெண்ணைப் பேசவைக்கத் திரையில் அழுத்தினாள். அதன்பிறகு ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.