கயிற்றுக்கு வெளியே பூத்தது

சிலர் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள், சிலர் நின்று சம்பாதிக்கிறார்கள். குப்புறக்கா படுத்துச் சம்பாதித்தவள். ஈரமும் நிழலுமான காட்டில், கயிறு கட்டிய கட்டங்களுக்குள் குப்புறப் படுத்து, ஒரு காட்டு ஆர்க்கிட் எத்தனை பூத்திருக்கிறது என்று எண்ணுவது அவள் உத்தியோகம். பச்சையா ஊதாவா என்று அடித்துச் சொல்ல முடியாத சின்னப் பூ. நின்று பார்த்தால் புல்லோடு புல்லாக மறைந்துவிடும். அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் கூடவே வேலை பார்த்த நாத்தனார். அண்ணி சொல்லும் எண்ணிக்கையை எழுதுவதற்கு அவளுக்குச் சம்பளம், வம்பளப்பது இலவசம்.

அந்தச் செடிக்குத் திமிர் ஜாஸ்தி. மனசு வந்தால் தலை காட்டும். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இரண்டு வருஷமாக ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் வருஷமும் பூஜ்யம் என்றால் காட்டை வெட்டிக் கிடங்கு கட்டலாம் என்று உத்தரவு. இன்று கடைசி நாள். மதியம் அதிகாரி வருகிறார்.

கடைசிக் கட்டத்தையும் தடவித் தடவிப் பார்த்தாயிற்று. குப்புறக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"பூஜ்யம். எழுதிக்கோ."

"எழுத மாட்டேன் போங்க அண்ணி" என்று சிடுசிடுத்துவிட்டு நாத்தனார் காட்டுக்குள்ளேயே இருந்த சாமான் கொட்டகைக்குப் பின்னால் போனாள். கட்டத்தை விட்டு வந்தால் பூட்ஸ் சேற்றை அங்கே சுரண்டிப் போட வேண்டும். ஒன்பது வருஷ வழக்கம்.

"அண்ணீ! ஓடி வாங்க! மிதிச்சிடாம ஓடி வாங்க!"

மிதிக்காமல் எப்படி ஓடுவது? ஓடினாள். சுரண்டிப் போட்ட சேற்றுமேட்டில், புல்லுக்கு நடுவே, தண்டு தண்டாகப் பூ! பூத்த வருஷங்களில் தூசி மாதிரியான விதையைப் பூட்ஸில் சுமந்து வந்து இவர்களேதான் விதைத்திருக்கிறார்கள். கயிற்றுக்குள் இருக்கும்வரைதான் இருவருக்கும் கண் வேலை செய்யும். வெளியே வந்தால் வாய் மட்டும்தான். குப்புறக்கா தடாலென்று சேற்றில் விழுந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் மூன்று தடவை கணக்கை விட்டுவிட்டு மறுபடி எண்ணி, "பதினொண்ணு!" என்று கத்தினாள். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினார்கள்.

சலவை மடிப்புக் கலையாமல் அதிகாரி வந்தார்.

"கயித்துக்கு வெளியில இருக்கே?"

"உத்தரவுல காட்டுக்குள்ளன்னுதான் சார் போட்டிருக்கு. நீங்களே எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் குப்புறக்கா.

அவர் லேசாகக் குனிந்தார்.

"அப்படித் தெரியாது சார். படுங்க."

அவர் தன் சட்டையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், சேறு அப்பிய இரண்டு முகங்களையும் பார்த்தார். படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"எத்தனைன்னீங்க?"

"பதினொண்ணு சார்."

"தப்பு."

நாத்தனார் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பன்னெண்டு" என்றார் அதிகாரி, மூக்கு நுனியில் சேற்றோடு. "இலைக்கு அடியில பொடிசு ஒண்ணு இருக்கு பாருங்க."

"அடிச்சிட்டு மாத்தி எழுதுடி!" என்று அலறி, படுத்திருந்த மேலதிகாரியைச் சுற்றி இரண்டு சுற்றுக் குதித்தாள் குப்புறக்கா. தப்பாக எண்ணியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்த உத்தியோகம் அதுவரை கண்டதில்லை.