கோழிப் பாட்டுக்கு ஏழு தட்டு

சத்தமே வராமல் பியானோ பழகலாம் என்பதை நான் கொலோனுக்கு வந்துதான் அறிந்தேன். எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒட்டியிருக்கும் சட்டத் தாளில், மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சத்தம் கூடாது, ஞாயிறு முழுவதும் கூடாது, மற்ற வேளைகளில் வாத்தியம் பழகுவதென்றாலும் அளவோடு பழகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு வேலை முடிவதோ ஒன்றரைக்கு. ஆகவே பழைய சாமான் சந்தையில் வாங்கிய கீபோர்டில் ஹெட்ஃபோனைச் செருகி வாசிப்பேன். பாட்டு என் தலைக்குள் மட்டும் கேட்கும். செற்றியில் படுத்திருக்கும் என் கணவருக்குக் கட்டைகளின் டக் டக் மட்டும் கேட்கும். "என்னப்பா, இன்னும் வெங்காயம் வெட்டி முடியேல்லையே?" என்பார். நாள் முழுக்கக் குசினியில் நின்றுவிட்டு வரும் ஒருத்திக்கு அது எவ்வளவு குத்தும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருப்பார். ஆள் அப்படி.

நான் மன்னாரில் பாலர் பள்ளியில் ஐந்து வருடம் படிப்பித்தவள். றோட்டில் போனால் பிள்ளைகள் "ரீச்சர், ரீச்சர்" என்று சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவரும். அகதியாக இங்கே வந்து என் பத்திரங்களை நீட்டியபோது, அலுவலகத்துப் பெண் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் அந்தப் பத்திரங்களுக்குக் கிடைத்த மரியாதை. பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு கிண்டர்கார்டனின் குசினியில் உருளைக்கிழங்கு சீவினேன். குசினிக்கும் பிள்ளைகளின் கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. சூப்புச் சட்டியோடு அதைத் தாண்டலாம். தாண்டி நின்று பிள்ளைகளோடு பாட ஏலாது. அதற்கு அவுஸ்பில்டுங் வேண்டும், அதாவது முறையான தொழிற்படிப்பு. நாற்பத்தொரு வயதில் எனக்கு யார் அந்த இடத்தைத் தரப்போகிறார்கள்?

ஒரு இலையுதிர்கால மத்தியானம், பிள்ளைகள் போன பிறகு, கூடத்துப் பியானோவைத் துடைக்கிற சாட்டில் எங்கள் மாதா கோவில் பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் தலைமை ஆசிரியை பிரான்ட் அம்மையார் கதவடியில் நிற்கிறார். துடைக்கும் துணியை மறைத்தேன். அவரோ வேறு கதை கதைத்தார். அடுத்த கோடை விழாவில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு மொழியிலும் பாட்டு வேண்டுமாம். துருக்கிப் பாட்டுக்கும் இத்தாலியப் பாட்டுக்கும் ஆள் இருக்கிறது. ஆறு செர்பியப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒருவரும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் வரும் இசை ஆசிரியர் ஒரு பாட்டை முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டாராம். "நீங்கள் செய்தால், நிர்வாகக் குழு அதைக் கேட்கும். பிறகு உங்களுக்கு இங்கேயே அவுஸ்பில்டுங் இடம் கேட்பது என் பொறுப்பு. செய்வீர்களா?" என்றார். நான் சந்தோஷத்தில் எங்கள் முறைப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "பரவாயில்லை, புரிகிறது" என்று நடக்கத் தொடங்கினார். பின்னால் ஓடிப்போய் "யா! யா!" என்று கத்தவேண்டியதாயிற்று.

பாட்டுக்கு நான் பிடித்த ஆள் மிலிட்சா. செர்பியாவின் தெற்கே வ்ரான்யே என்ற ஊர்க்காரி, பேக்கரியில் வேலை. அவளுடைய மகள் யெலெனா எங்கள் கிண்டர்கார்டன் பிள்ளைகளில் ஒருத்தி. இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை என்பதால் எங்களுக்குள் வெட்கம் இருக்கவில்லை. அவள் பாடுவாள், நான் சரிகம எழுதிக்கொள்வேன். குளிக்க மறுக்கும் கரடியின் பாட்டும், மழையைக் கூப்பிடும் பாட்டும் ஒரே கிழமையில் விரலுக்கு வந்துவிட்டன. மூன்றாவதான கோழிப் பாட்டுத்தான் உயிரை எடுத்தது. தாய்க் கோழி தன் குஞ்சுகளை எண்ணுகிறது. ஏழு இருக்கவேண்டும், ஆறுதான் வருகிறது. ஊரெல்லாம் தேடுகிறது. ஏழாவது குஞ்சு அதன் செட்டைக்குள்ளேயே நித்திரை. மெட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் பாடக்கூடியது. ஆனால் நான் எப்படி எண்ணினாலும் ஒன்று இடித்தது, கோழிக்கு ஒரு குஞ்சு குறைந்த மாதிரி. "இல்லை, இல்லை, இதற்கு ஆட ஏலாது" என்று மிலிட்சா காலை உதறுவாள். கடைசியில், "டிசம்பர் பத்தொன்பது நாங்கள் வீட்டில் இருப்போம்" என்றாள்.

இந்த நாட்டில் ஒருவர் திகதி சொன்னால் அது டெர்மின், தவறவிடக்கூடாத சந்திப்பு. கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் மணியை அடித்தேன். உள்ளே முப்பது பேர். அன்று அவர்களுடைய ஸ்லாவா. எங்களுக்கு ஊருக்கு ஒரு புனிதர் என்றால் அவர்களுக்கு வீட்டுக்கு ஒரு புனிதர். அவருடைய நாளில் கதவு திறந்திருக்கும். யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வாசலிலேயே மிலிட்சாவின் மாமியார் ஒரு தட்டத்தை நீட்டினார். அதில் சீனியும் அக்ரூட் பருப்பும் கலந்து அவித்த கோதுமை ஒரு கோப்பை நிறைய, பக்கத்தில் கரண்டிகள், ஒரு கிளாஸ் தண்ணீர். ஜீத்தோ என்று அதற்குப் பெயர். வருகிறவர்கள் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, கரண்டியைத் தண்ணீரில் வைத்து நகரவேண்டும். எனக்கு அது எங்கே தெரியும்? முழுக் கோப்பையையும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினேன். கையில் தந்ததை மிச்சம் வைத்தால் வீட்டுக்காரியின் முகத்தில் அடித்த மாதிரி என்றுதானே எங்களை வளர்த்திருக்கிறார்கள்! நின்றபடியே விழுங்கினேன். பாதி தாண்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலு பேர் ஆளுக்கொரு கரண்டியோடு காத்திருந்தார்கள்.

வெட்கத்தில் கோப்பைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மிலிட்சாவின் மாமனார்தான் முதலில் சிரித்தார். "விடுங்கள், புனிதருக்கு இவ்வளவு மரியாதை இந்த வீட்டில் யாரும் செய்ததில்லை" என்று சொல்லி, என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அது விரத காலமாம், அதனால் மேசை முழுக்க மீன். மன்னார்க்காரியிடம் மீனைப் பற்றிக் கருத்துக் கேட்காமல் இருந்தது அவர்களின் அதிர்ஷ்டம். சாப்பாட்டுக்குப் பிறகு கை கோத்து வட்டமாக ஆடத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்காகக் கோழிப் பாட்டும் வந்தது. நான் பாட்டை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்தேன். ஒரு நீட்டு, இரண்டு குட்டை. ஒரு நீட்டு, இரண்டு குட்டை. என் கை தானாகத் தொடையில் தட்டியது: தகிட தக திமி. பள்ளிக்கூடச் சங்கீத வகுப்பில் மணிக்கணக்காகத் தட்டிய மிஸ்ர சாபு தாளம்! ஏழு தட்டு, ஏழு குஞ்சு. நான் இவ்வளவு நாளும் அதை எட்டுக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறேன். கீபோர்டைப் பிரித்து மேசையில் வைத்து வாசித்தேன். வட்டம் ஒருமுறைகூட இடறவில்லை. மிலிட்சா ஆடிக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஆறு மாதம் டக் டக் என்று வெங்காயம் வெட்டினேன். ஜனவரியிலிருந்து பிரான்ட் அம்மையார் வாரத்தில் அரை மணி நேரம் என்னைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டார். பிள்ளைகளுக்கு ஜெர்மனில் எண்ணச் சொல்லிக் கொடுத்தால் ஏழுக்கான ஸீபன் என்ற சொல்லே இரண்டு அசையாகி இடறியது. தகிட தக திமி என்றதும் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் வந்து கேட்டார், நல்ல மனிதர். தானும் எட்டாகத்தான் வாசித்ததாகச் சொல்லி, குறிப்புப் புத்தகத்தை எடுத்து நான் சொல்லச் சொல்ல எழுதினார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் வாயைப் பார்த்து எழுதியது அன்றுதான்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் இங்கே நடந்த கோடை அது. கார்களிலெல்லாம் கொடி. விழாவுக்கு மிலிட்சாவின் மாமனார் தன் நாட்டு அணி தோற்ற முகத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார். என் கணவர் வேலை உடுப்போடு வந்து பின்னால் நின்றார். நான் கூடத்துப் பியானோவை முற்றத்துக்கு உருட்டுவித்து, ஹெட்ஃபோன் இல்லாமல், முழுச் சத்தத்தில் தொடங்கினேன். செர்பியப் பிள்ளைகள் ஆறு பேர் வட்டத்தைத் தொடங்க, துருக்கிப் பிள்ளைகளும் ஜெர்மன் பிள்ளைகளும் நுழைந்தார்கள். யெலெனா உரத்த குரலில் "தகிட தக திமி" என்று காலைத் தூக்கினாள். நிர்வாகக் குழுத் தலைவர் குனிந்து, "அது செர்பிய மொழியா?" என்று கேட்டார். மாமனாரோ கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம், எங்கள் மொழிதான்" என்றார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு நாள் திருத்தலாம். மூன்றாம் சுற்றில் குழுத் தலைவரும் வட்டத்துக்குள் இருந்தார். செப்டெம்பரில் அவுஸ்பில்டுங் தொடங்கலாம் என்று பிரான்ட் அம்மையார் என் காதில் சொன்னபோது, இந்தமுறை தலையை ஆட்டாமல் "யா" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழக்கதோஷத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீபோர்டின் முன் இருந்தேன். கணவர் செற்றியிலிருந்து எழும்பி வந்து வயரைப் பிடுங்கினார்.

"ஞாயிறப்பா. கீழ் வீட்டார் சண்டைக்கு வருவினம்" என்றேன்.

"வரட்டுமன். ரீச்சர் வாசிக்கிறா எண்டு நான் சொல்லுறன். நீர் வாசியும்."

இருபது வருடத்தில் அவர் என்னை ரீச்சர் என்று சொன்னதில்லை. கோழிப் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாம் அடியிலேயே கீழ் வீட்டிலிருந்து கூட்டும் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார்கள். நான் நிறுத்தவில்லை. வலக்கை வ்ரான்யேயில் ஆடிக்கொண்டிருந்தது, இடக்கை மன்னாரில் எண்ணிக்கொண்டிருந்தது. பிடுங்கிய வயர் காலடியில் கிடந்தது. வாசலில் இருக்கும் சட்டத் தாள்வரைக்கும் கேட்டிருக்கும்.