நான் பிணமாகப் படுத்திருந்த வியாழன்

நாட்குறிப்பில் அந்த வியாழக்கிழமைக்கு நான் எழுதியிருப்பது இரண்டே வரி. "பிற்பகல் 3.05: பெஞ்சில் படுத்தேன். 3.31: எழுப்பப்பட்டேன்." இடையில் நடந்ததை எழுத அன்று கை வரவில்லை.

தாம்பரத்தில், தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு தேவாலயத்தின் மாடியில், போதகர்களுக்கும் சபைப் பொறுப்பாளர்களுக்கும் வாரம் ஒரு நாள் இறையியல் வகுப்பு நடந்தது. சிட்லபாக்கத்திலிருந்து நானும் போய்வந்தேன். பணி ஓய்வு பெற்றவன், படிப்பு என்றால் எனக்குப் புத்தகம்தான். இதையெல்லாம் வீடியோவிலேயே நடத்தினால் என்ன என்று முதல் வாரமே ஆசிரியையிடம் கேட்டேன். "அடக்க ஆராதனை வாரம் வரட்டும் சார், அப்புறம் கேளுங்க" என்றார்.

அந்த வாரம் வந்தது. ஒருவர் பிணமாகப் படுக்க வேண்டும், ஒருவர் விதவையாக உட்கார வேண்டும், மற்றவர்கள் உறவினர்கள். என் உயரத்துக்குப் பெஞ்சு சரியாக இருந்ததால் பிணம் நான்.

"பாடி பேசக் கூடாது சார். மணி பாக்கவும் கூடாது" என்றார் மறைமலை நகரிலிருந்து வரும் பெண்கள் ஐக்கியத் தலைவி. அவர்தான் என் விதவை. "எங்க வீட்டுக்காரர் ஒரு நாளாச்சும் இவ்ளோ அமைதியா படுத்திருப்பாரா!"

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைத் துணி முகத்தின் மேல் விழுந்ததும் அந்தச் சிரிப்பு வேறு தெருவில் கேட்பதுபோல இருந்தது.

ஆராதனை நடத்த வேண்டியவர், பெரும்பாக்கம் குடியிருப்பில் சிறிய சபை ஒன்றை நடத்திவந்த பாஸ்டர். இரண்டு ஆண்டு ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அவருடைய சிக்கலை அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். கொரோனா காலத்தில் சபையில் ஒருவர் இறந்தபோது மயானத்துக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. அங்கே நின்ற குடும்பத்தாருக்குப் போனிலேயே ஆராதனை முழுவதையும் வாசித்தார். ஆமென் சொல்லிவிட்டுப் பார்த்தால், அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. எந்த வரியில் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கடைசி வரை மறுமுனையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது கேட்டதாக உறுதியாகச் சொன்னார்.

அதன் பிறகு மூன்று அடக்கங்களில், உடலை மண்ணுக்கு ஒப்படைக்கும் இடம் வந்ததும் அவர் குரல் நின்றுபோனது. வேறு யாராவது முடித்துவைத்தார்கள். இன்னொரு முறை நின்றால் வேறு பாஸ்டரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சபை சொல்லிவிட்டது. இப்போது அவருடைய சபையின் பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தார். பாஸ்டர் அவரைப் பார்க்க ஒரு முறைகூடப் போகவில்லை.

அவர் வாசிக்கத் தொடங்கினார். "நம்மை விட்டுப் போன இந்தச் சகோதரன்" என்று என்னைச் சொன்னார். என் நல்ல குணங்களாக இரண்டு சொன்னார், இரண்டுமே இறந்தகாலத்தில். விதவை மூக்கை உறிஞ்சினார். நடிப்பு என்று தெரிந்தும் என் கால் விரல்கள் சில்லிட்டன. மேலே விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது அடங்கியபோது என் கால்மாட்டில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பெஞ்சின் அந்த முனை சுவரை ஒட்டியிருந்தது. என் மூச்சாகவே இருக்கலாம். மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

அந்த இடம் வந்தது. குரல் நின்றது. மண் போடுவதற்காக அவர் கையில் அள்ளியிருந்த மணல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார்.

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"இன்னா, யாருக்காவது கேக்குதா?"

எனக்குத்தான் மிக அருகில் கேட்டது. பேசக் கூடாது என்ற விதியால் பேசாமல் இருக்கிறேனா, பேச முடியாமல் இருக்கிறேனா என்று அந்தக் கணத்தில் எனக்கே தெரியவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. "கேக்குது பாஸ்டர்" என்றார் விதவை. அது நடிப்புக் குரல் இல்லை. "நான் இங்கதான் நிக்கிறேன். என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று அடுத்த சொல்லைச் சொன்னார்; விதவையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்று முறை மணல் என் நெஞ்சில் விழுந்தது. மூன்றாவது பிடி முதல் இரண்டையும்விடக் கனமாக இருந்தது. பிறகு ஆமென்.

துணியை யாரும் எடுக்கவில்லை. காலடிகள் எல்லாம் என்னை விட்டு அவர் பக்கமாக நகர்ந்தன. அழுகையும் பேச்சும் கேட்டன. என்னை மறந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்த பிறகு எல்லோரும் செய்வது இதுதான் என்று தோன்றியது.

கடைசியில் துணியை விலக்கியவர் பாஸ்டர்தான். உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தார். மணல் ஒட்டியிருந்த கை.

"சூடாத்தான் கீது" என்றார், என்னிடம் இல்லை.

"இன்னொரு தடவை நடத்திப் பாக்கலாமா?" என்று கேட்டார் ஆசிரியை.

"வேணாம் மேடம். பெரியவரு இன்னும் முழிச்சினு கீறாராம். அவருக்குக் காது கேக்கறப்பவே போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

கையைக்கூடத் தட்டிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.