கோவிலுக்கு மட்டும் போன வண்டி

என் மனைவிக்கு வித்துராவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அவள் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. கரமனையில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளி நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். காலை ஆறு மணிக்கு ஒரு பஸ், தம்பானூரில் இறங்கி இன்னொன்று, அதைத் தவறவிட்டால் நெடுமங்காட்டில் மூன்றாவது. நெடுமங்காடு தாண்டினால் ஏற்றமும் வளைவும்தான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அவளால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. முதுகெலும்புத் தட்டில் பழைய கோளாறு ஒன்று உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, உட்கார்ந்து போகலாம், காரென்றால் வழியில் ஒரு தடவை இறங்கி நடந்துவிட்டு ஓட்டலாம் என்றார் டாக்டர். காலை நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்புகிறவர் பஸ் ஏறியே பல காலம் ஆகியிருக்க வேண்டும்.

ஆக, கார் வேண்டும். புது வண்டிக்கு வழியில்லை. பழையதில் மூன்றரை லட்சம்வரை போகலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். எங்களிடம் முன்பு ஒரு சின்ன கார் இருந்தது. ஓட்டியவள் அவள்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. பெண் கல்யாணமாகிப் போன பிறகு, தெருமுனையில்தான் பஸ் நிற்கிறதே என்று அதை விற்றோம். விற்கலாம் என்று சொன்னது நான் என்பதை அவள் அந்த ஜூன் மாதத்தில் இரண்டு முறை நினைவுபடுத்தினாள்.

வண்டி பார்க்கும் பொறுப்பை நானும் அவளுடைய தம்பியும் ஏற்றுக்கொண்டோம். அவன் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறான். சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குக் கணக்கு எழுதுகிறான். பதினெட்டு வயதிலிருந்து கார் ஓட்டுகிறான் என்பதால் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது அவன் எண்ணம். எனக்கு வேறொரு தகுதி இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருந்தவன். எந்தத் தாளில் தேதி பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இதில் ஒரே ஒரு சங்கடம். தரகர்கள் வண்டியைக் காட்டுவது வேலை நாட்களில், பகலில். அந்த நேரத்தில் அவள் வித்துராவில் இருப்பாள். எங்கள் இருவருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஊரில் மலையாளிகளுக்கு அது கர்க்கடகம். பெயர் எதுவானாலும் அந்த மாதத்தில் இங்கே யாரும் வண்டி வாங்குவதில்லை. ஆவணி முதல் தேதி ஷோரூம்களில் வரிசை நிற்கும். "அவசரப்படாண்டாம், வேணும்னா ஆவணியிலெ பாத்துக்கலாம்" என்று அவள் தம்பி ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான். அவள் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். விருப்ப ஓய்வு கேட்டு அவளே கைப்பட எழுதிய கடிதம்.

"ஆடியிலெ வாங்கமாட்டேள். ஆவணி வரைக்கும் என் முதுகு தாங்காது. அதுக்குள்ளெ வண்டி வரலைன்னா இதெ ஹெட்மாஸ்டர் கையிலெ குடுத்துட்டு ஆத்துலெ உக்காந்துடறேன். கேட்டேளா?"

கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. வேலையை விட அவளுக்கு மனமில்லை என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷம் பத்தாம் வகுப்பு பி பிரிவில் கணக்கென்றாலே நடுங்குகிற பிள்ளைகள் பாதிப் பேர் என்றும், அவர்களைப் பரீட்சைவரை கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றும், முதுகில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருப்பாள்.

நாலு வாரத்தில் ஒன்பது வண்டிகள் பார்த்தோம். அந்த நாலு வாரத்தைப் போல மனிதர்கள்மீது எனக்கு வெறுப்பு வந்த காலம் வேறில்லை. இரண்டாவது வண்டியில் மீட்டர் ஐம்பத்துநாலாயிரம் காட்டியது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், உள்விளிம்பில் எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய சீட்டில், எழுபத்தெட்டாயிரத்தில் மாற்றியதாகப் போன வருஷத் தேதி. தரகர் பாறசாலைப் பக்கத்துத் தமிழர். சீட்டைக் காட்டினேன். அவர் சளைக்கவில்லை.

"அது வேற வண்டிக்க சீட்டாக்கும் சாரே. பயலுவ மாத்தி ஒட்டிப்போட்டானுவோ."

"வேற வண்டியின் நம்பர் இந்த வண்டியின் நம்பராகவே இருக்கிறதே" என்றேன். அவர் குனிந்து படித்துவிட்டு, நகத்தால் சீட்டைச் சுரண்டி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்பம் பிரச்சினை இல்லியே" என்றார்.

நாலாவது வண்டியின் முன் கண்ணாடியில் பொறித்த வருஷம் வண்டியின் வருஷத்துக்கு மூன்று வருஷம் பிந்தியது. விபத்தே இல்லை என்று சொன்ன உரிமையாளர், கண்ணாடி தானாக உடைந்தது என்றார். ஐந்தாவது, தண்ணீரில் மூழ்கி எழுந்தது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தபோது கடைசி ஒரு சாணில் சேற்றுக் கோடு தெரிந்தது. ஆறாவதுக்கு இன்ஷூரன்ஸ் நடுவில் ஏழு மாதம் இல்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். மாலையில் அவள் வந்து கட்டிலில் சாய்ந்ததும் படித்துக் காட்டுவேன். முதலில் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு நாள், "வேண்டாத வண்டியெல்லாம் மணிமணியா சொல்றேள்" என்றாள்.

எட்டாவது ஒரு ரப்பர் வியாபாரியின் சின்ன வண்டி. தினமும் மலைச்சாலையில் ஓடியது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. காகிதங்கள் சுத்தம். அவள் தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, "மலை ஏறி மலை ஏறி எஞ்சின் செத்திருக்கும் அத்திம்பேரே. லாரி மாதிரின்னா இது" என்றான். நானும் மீட்டரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் போக வேண்டிய சாலையிலேயே அத்தனை வருஷம் நிற்காமல் ஓடிய வண்டி அது. அதைக் கணக்கில் எடுக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாவது வண்டி எங்கள் தெருவிலேயே இருந்தது. தெருக்கோடி வீட்டுக்காரர் பெங்களூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். தார்ப்பாய் போட்டு மூடிய நீளமான சீடான் கார். வயது பதினொன்று. ஓடியது பத்தொன்பதாயிரம். வெள்ளிக்கிழமை தோறும் கோவில், எப்போதாவது ஒரு கல்யாணம், அவ்வளவுதான். எங்கள் தெருக்களில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது. ஒரே சொந்தக்காரர் கை, கோவிலுக்கு மட்டும் போன வண்டி என்றால் விசாரணை அதோடு முடிந்துவிடும். என்னை விழத்தட்டியது அதுகூட இல்லை, அவருடைய சர்வீஸ் புத்தகம். பதினொரு வருஷமும் ஒரே மாதத்தில், ஒரே வாரத்தில் எண்ணெய் மாற்றி, தேதியை நீல மையில் எழுதியிருந்தார். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் குறிக்கும் நாலு எண்கள் இருக்கும். குனிந்து படித்தேன். நாலு டயர்களும் வண்டியோடு பிறந்தவை. மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று, நிமிர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனி கடைசி நாளுக்கு முந்தின நாள் முன்பணம். கடைசி நாள் காலை பத்து மணிக்குள் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்து. அவள் பள்ளியிலிருந்து வந்தபோது வண்டி வாசலில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. சுற்றி வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஏறி உட்கார்ந்தாள்.

என் மனைவி ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. ஓட்டிப் பார்த்த அவள் தம்பி ஆறடி. அந்த நிமிஷம்வரை ஒன்பது வண்டிகளிலும் இந்த இரண்டு அளவுகளையும் நான் ஒரு தடவைகூடச் சேர்த்து யோசித்ததில்லை. சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றில் முட்டியது. பின்னால் தள்ளினால் கிளட்ச் எட்டவில்லை. இரண்டு தலையணை வைத்ததும் சாலை தெரிந்தது, வண்டியின் மூக்கு தெரியவில்லை. கிளட்சை அழுத்தியதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் ஓட்டினா பழகிடும் அக்கா" என்றான் தம்பி.

எங்கள் தெருவில் அந்த நீளத்தைத் திருப்ப ஏழு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

மூன்று நாள் ஓட்டினாள். நாலாவது நாள், வியாழக்கிழமை, நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு ஏற்றத்தில் முன்பக்கமிருந்து புகை வந்து வண்டி நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த ஜீப் ஒன்றில் ஏறி, இரண்டாவது பீரியட் முடிந்த பிறகு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். வண்டிக்குக் காவல் இருக்க நான் இரண்டு பஸ் மாறிப் போனேன்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை இரண்டு விரலால் பிடித்தார். அது அப்பளம் போல உடைந்தது. இன்னொன்றைத் தொட்டார், அதுவும். நான் சர்வீஸ் புத்தகத்தை நீட்டினேன். எண்ணெய்க் கறைக் கையால் வாங்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கவில்லை. இது ஓடிக் கெட்ட வண்டி இல்லை, நின்று கெட்ட வண்டி என்றார் மலையாளத்தில். ரப்பரெல்லாம் காய்ந்துவிட்டது, டயர்கள் உட்பட. இந்த டயரில் டீச்சர் மழையில் இந்த வளைவுகளில் வந்தது அவருடைய தைரியம் என்றார். நான் சந்தோஷப்பட்ட அதே நாலு எண்களைத்தான் விரலால் தட்டிக் காட்டினார்.

பழுது பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றார். வீடுவரை ஓட்டிப்போக மட்டும் குழாய்களை மாற்றிக் கொடுத்தார். மச்சினன் வந்து மத்தியானமே ஓட்டிக்கொண்டு போனான். அன்று மாலை அவள் பஸ்ஸில், நின்றுகொண்டே திரும்பி வந்தாள். கைகால் கழுவி, மேசையருகே நின்றபடியே கடிதத்தில் தேதி போட்டாள். அடுத்த திங்கட்கிழமை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்ல முடியாத கோபம். தெருக்கோடிக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மச்சினன் தனக்குத் தெரிந்த மாதிரி ஓட்டிப் பார்த்தான். நான் எழுதியதில் ஒரு தேதியும் தப்பில்லை. பழுது பார்த்தால் சரியாகிவிடும், இரண்டு வாரம் லீவு போடு என்றேன்.

"சரியானா மட்டும் நான் வளர்ந்துடுவேனா?" என்றாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சனிக்கிழமை எனக்கு லீவு. நான் போய்ப் பாக்கறேன். நீங்க வரலாம். ஒண்ணும் பேசப்படாது."

அவள் தம்பி வர மறுத்துவிட்டான். ஆடியில் வண்டி வாங்கினவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை என்று வாசலில் நின்று சொன்னான். அவள் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஆனியிலெ, நாள் பாத்து வாங்கினது எங்கே நின்னுதுன்னு உங்க அத்திம்பேரெ கேளு" என்றாள்.

பைபாஸ் ஓரத்தில் இருந்த பழைய வண்டி யார்டுக்கு அந்த சீடானிலேயே போனோம். கர்க்கடகத்தில் வாடிக்கையாளரைக் கண்டு யார்டுக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். எந்த பிராண்ட், எந்த வருஷம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள், "எது எது நான் உக்காந்தா பானெட் தெரியும்னு முதல்லெ பாக்கணும்" என்றாள். வரிசையாக நின்றவற்றில் ஏறி இறங்கினாள். பதினாலு வண்டிகள். உட்கார்ந்து, முன்னால் பார்த்து, கிளட்சை மூன்று தடவை மிதித்து, இறங்கினாள். மூன்றை ஒதுக்கி, ஒவ்வொன்றையும் பக்கத்து மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினாள். நான் பின் சீட்டில் இருந்தேன். கடைசி வண்டியில் மேம்பாலத்தின் பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த மூன்றாவதைத்தான் எடுத்தாள். அது எண்பத்தோராயிரம் ஓடியது. மூன்று கை மாறியது. பெயின்ட் ஒரு கதவில் நிறம் வேறு. சர்வீஸ் புத்தகமே இல்லை. கேட்க எனக்குப் பத்துக் கேள்விகள் இருந்தன. அவள் கேட்டது இரண்டு: டயர் எப்போது மாற்றியது, வித்துராவில் இதற்கு உதிரிப் பாகம் கிடைக்குமா.

சீடானை மாற்றுக்கு எடுத்துக்கொள்ள யார்டுக்காரர் சொன்ன விலை நாங்கள் கொடுத்ததைவிட மிகக் குறைவு. எட்டு நாளில் அத்தனை இறக்கமா என்றேன், பேசக் கூடாது என்பதை மறந்து. நீல மைப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பிரிக்காமலே வண்டிக்குள் போட்டார். ரப்பர் காய்ந்த வண்டி சார், இதைக் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்றார். அவள் விலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கர்க்கடகத்தில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. விலை குறையும் என்று முன்பதிவு செய்துவிட்டு, வண்டியை மட்டும் சிங்ஙம், அதாவது ஆவணி, முதல் தேதிதான் எடுத்துப் போவார்கள். யார்டுக்காரரும் மரியாதையாகவே கேட்டார். "சிங்ஙம் ஒண்ணாம் தேதி வரெ இங்கெதன்னே வச்சிருக்கட்டா டீச்சரே?"

"திங்கட்கிழமை ஒம்பதேமுக்காலுக்கு எனக்கு பத்து பி-யிலெ கிளாஸ் இருக்கு" என்று சொல்லி அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.

நான் முன் கதவைத் திறந்தேன். அந்த சீட்டில், சீடானிலிருந்து அவள் எடுத்து வைத்த பை இருந்தது, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களோடு. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பின்னாலேயே ஏறிக்கொண்டேன்.