பக்கப்பெட்டியின் உயரம்

அண்ணனைப் பற்றி எழுத இந்த நினைவு மலரின் பக்கங்களை என்னிடம் ஒப்படைத்தபோது உறவினர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "வெளையாட்டுத்தனமா எதையும் எழுதி வச்சிராதப்பா." குடும்பத்தில் எனக்கு அப்படியொரு பெயர். காதுகுத்துப் பத்திரிகையை நான் எழுதினால்கூட அச்சுக்குப் போகுமுன் இரண்டு பெரியவர்கள் படித்துப் பார்ப்பார்கள். இம்முறை அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு இன்னும் பழைய சிரிப்பு திரும்பவில்லை.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, எங்கள் தோட்டத்து வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். கிணறு வற்றி அப்பா ஆழ்துளைப் போர் போட்டார். நெல் பால் பிடிக்கிற நேரத்தில் அதற்குள் கிடந்த மோட்டார் கருகிப்போனது. தூக்கிச் சரிசெய்ய ஆள் கிடைப்பதற்குள் பயிர் பதராகிவிட்டது. அப்பா வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் போர்க்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிப்பைப் பாதியில் விட்டு ஆனையூரில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் பசுமலையில் கல்லூரிக்குப் போனேன். நிறையப் படித்தேன். இன்றுவரை ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றியதில்லை.

பிறகு கல்யாணம், சொந்தக் கடை. மதினி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்ற, அண்ணன் ஊர் ஊராகப் போய் மோட்டார்களைத் தூக்க, இருவருமாக வளர்த்த கடை அது. தண்ணீர் ஏறவில்லை என்று யார் கூப்பிட்டாலும் சோற்றுத் தட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்புவார். என் கல்யாணத்தன்று மண்டபத்து மோட்டார் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆல்பத்தில் அவர் நிற்கும் படங்களில் எல்லாம் கிரீஸ் கறையும் சேர்ந்து நிற்கிறது.

இத்தனை காலமும் வாடகை வண்டிதான். கடைசியில் ஆசைப்பட்டபடி ஒரு சிறிய லாரி வாங்கினார். முன்பக்கமும் வெறும் சட்டமும் மட்டும்தான் வரும். பின்னால் நம் தொழிலுக்கு ஏற்ற பாடியை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டி வந்த வாரத்தில்தான் அவருடைய இருமலுக்குப் பெயர் தெரிந்தது. அண்ணன், மதினி, நான் என மூவரையும் உட்காரவைத்தே டாக்டர் சொன்னார்: நுரையீரல், முற்றிவிட்டது, இனி மாதக்கணக்குதான்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் கேட்டார்: "பாடி கட்டச் செல்வம் பட்டறைக்கு எப்பப் போவோம்?"

அதன்பின் வீட்டில் யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை. வண்டியைப் பற்றியே பேசினோம். எங்கெங்கோ படித்துவிட்டு, மழைக்கும் திருட்டுக்கும் முழுக்க மூடிய கூண்டுதான் உகந்தது என்று நான் அறிவித்தேன்.

"நீளக் குழாயை எங்கிட்டுடா வைக்க? ஒன் மடியிலயா?" என்றார் அண்ணன்.

திறந்த பாடி, மேலே குழாய் அடுக்கச் சாரம், பின்னால் கப்பி மாட்டக் கம்பம், இரண்டு பக்கமும் சாமான் பெட்டிகள் என்று முடிவாயிற்று. பெட்டியைப் பொருத்தும் உயரம் மட்டும்தான் பாக்கி.

பட்டறைக்காரர் செல்வம் அண்ணனின் ஆறடிக்கு ஏற்றபடி சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இங்கன வச்சா நின்ன வாக்குல எடுக்கலாம்ணே."

நாற்காலியில் மூச்சு வாங்கியபடி இருந்த அண்ணன் தலையை ஆட்டினார். "அம்புட்டு ஒசரம் வேணாம். எறக்கு." பிறகு மதினியைப் பார்த்தார். "இந்தா, அதுக்கிட்டப் போயி நில்லு. கையத் தூக்கு."

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பவர் போல மதினி போய்க் கையைத் தூக்கினார். கோடு எங்கோ மேலே இருந்தது. செல்வம் கை எட்டிய இடத்தில் சாக்பீஸை வைக்கப் போனார். மதினி சட்டென்று கையை இறக்கிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு அளவு?"

"சும்மாதான். எப்பவாச்சும் நீ எடுக்க வேண்டி வந்தா?"

"எனக்கு ஏன் வருது? நான் கடையில காயில் சுத்துறவ. வண்டி ஒங்களது."

"ஒனக்கு எட்டாதுல்ல."

"எட்ட வேணாம். நீங்க எடுத்துக் குடுங்க."

வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். "நடுவாப்ல வைப்பமா?" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். மதினி அவரைப் பார்க்கவே இல்லை.

"செல்வம், அவரு ஒசரத்துக்கே வைப்பா. வேற எங்கயாச்சும் வச்சேன்னா, நான் இந்த வண்டிப் பக்கமே வர மாட்டேன்."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். அண்ணன், "அவ சொல்றபடியே வையி" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பேசாததையெல்லாம் இருவரும் அங்கேயே பேசி முடித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

வண்டி தயாரானதும் அண்ணன் ஒரே ஒரு வேலைக்குப் போய்வந்தார். குனியாமல், அண்ணாந்து பார்க்காமல், பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். மதினி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் படுக்கைதான். ஒரு காலையில், மதினி ஊட்டிய கஞ்சியை விழுங்காமலே அண்ணன் போய்விட்டார்.

அவரைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தண்ணீர் பாய்ச்சலைப் பாதியில் விட்டு மண் காலோடு வந்து நின்ற விவசாயிகளுக்கும், கடையை மூடவிடாமல் காத்த உதவியாளர் முத்துராசுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது முத்துராசு ஓட்ட, வண்டியில் வேலைக்குப் போகிறவர் மதினி. போகிற இடங்களில் எல்லாம் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறித்தான் பெட்டியைத் திறக்கிறார். அண்மையில் செல்வம் அளவு டேப்போடு கடைக்கு வந்தார்.

"அரை நாள் வேலதான்க்கா. பெட்டிய எறக்கி வச்சுத் தாரேன். காசு வேணாம்."

வாளிமேல் நின்றவாறே மதினி சொன்னார்: "இருக்கட்டும்ப்பா. எட்டாதுன்னு தெரிஞ்சுதான வைக்கச் சொன்னேன்."

செல்வம் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாளி ஆடாமல் காலால் அணை கொடுத்து நின்றார். கேட்டதற்கும், மறுபடி கேட்காததற்கும் அவருக்கு எங்கள் நன்றி.