ஜன்னல் வைக்காத சுவர்

ஒலீட்டா ஸ்டாம்பர் தன் வீட்டின் பாதியைத் தானே பழுதுபார்த்துக் கட்டினாள். மறு பாதி நாற்பதடி தள்ளி அவள் தம்பியிடம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். கிரேப்வைன் ஓடைக்கரையில் இருக்கிற எங்களுக்குப் பேச்சுக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது.

எங்கள் கென்டக்கி மலைப்பக்கம் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் சக்கர வீடுகள்தான். தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்து வந்து, சிமென்ட் கட்டைகளின் மேல் உட்கார வைப்பார்கள். சக்கரங்கள் அடியிலேயே துருப்பிடித்துக் கிடக்கும். நகரும் என்பதற்காக வாங்கப்பட்டு, பிறகு ஒருநாளும் நகராத வீடு. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இரட்டை வீடு வாங்குவார்கள். அது நீளவாட்டில் இரண்டு பாதிகளாக வரும். நடுவில் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினால் பெரிய வீடு. ஸ்டாம்பர் குடும்பத்தின் வீடு அந்த ரகம்.

அதில்தான் ஒலீட்டாவின் அம்மா படுக்கையாகக் கிடந்தாள். ஒலீட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த ஆள் ஒஹாயோவுக்கு வேலைக்குப் போய், அங்கே வேறொருத்தியைப் பார்த்து, கட்டி, விவாகரத்தும் பண்ணிக்கொள்ளும் அளவுக்கு நீண்ட காலம். பகலில் ஒலீட்டா பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்தாள். மற்ற நேரமெல்லாம் அம்மாவைத் துடைத்தாள், திருப்பிப் போட்டாள், கூப்பிட்டபோதெல்லாம் எழுந்தாள். தம்பி டெல்மர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

துடைத்துவிடும்போது அம்மா மகளிடம், "இந்த வீடு உனக்குத்தாண்டி" என்பாள். ஞாயிறன்று மகனிடம், "இந்த வீடு உனக்குத்தாண்டா" என்பாள். இரண்டையும் மனதாரத்தான் சொன்னாள். எதையும் எழுதி வைக்காமல் செத்துப் போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டெல்மர் வந்தான். கம்பெனி சுரங்கத்தை மூடி, அவன் மனைவியும் அவனை மூடிவிட்டுப் போயிருந்த சமயம் அது.

"சட்டப்படி இதுல பாதி என்னுதுக்கா."

"பாதியா? எடுத்துட்டுப் போடா."

அது வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் வக்கீலிடம் போயிருப்பான். டெல்மர் ஹோபர்ட்டிடம் போனான்.

ஹோபர்ட் எங்கள் பக்கத்தில் சக்கர வீடுகளை லாரியில் இழுப்பவன். பழைய பட்டாள லாரி ஒன்று வைத்திருந்தான். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சேக்கறதுக்கு என்ன கூலின்னு எனக்குத் தெரியும். பிரிச்சுக் குடுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லப்பா."

"சேத்ததைத் திருப்பிச் செய். அவ்வளவுதானே," என்றான் டெல்மர்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று ஹோபர்ட் ஒலீட்டாவைக் கேட்டான்.

"கூரையில ஒழுகற இடமும் பாதி அவனோடதுதான்," என்றாள் ஒலீட்டா. "மறக்காம எடுத்துக்கச் சொல்லு."

இருவரில் ஒருவர் அன்று சிரித்திருந்தால் காரியம் நின்றிருக்கும். நாங்கள் பக்கத்தில் நின்றவர்களாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற நல்ல பழக்கத்தால், வேலியோரம் நாற்காலி போட்டுப் பார்த்தோம்.

டெல்மர் ஆண்பிள்ளை என்ற உரிமையில் முதலில் தேர்ந்தெடுத்தான். வாசல் கதவு, இரண்டு படுக்கையறை, குளியலறை உள்ள பாதி அவனுக்கு. சமையலறையும் அம்மா செத்த அறையும் உள்ள பாதி ஒலீட்டாவுக்கு. அதாவது ஒருத்திக்கு வீட்டில் சாப்பிட வழியிருந்தது, கழிப்பறைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஒருத்தனுக்குக் கழிப்பறை இருந்தது, வயிற்றுக்குள் போவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஹோபர்ட் போல்ட்டுகளைக் கழற்றி டெல்மரின் பாதியை இழுத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு போவதாகத் திட்டம். நாற்பதடி போனதும் சேற்றில் அச்சு முறிந்தது. ஹோபர்ட் கீழே குனிந்து பார்த்தான். "இனி இது நகராது," என்று சொல்லிவிட்டு லாரியை மட்டும் ஓட்டிக்கொண்டு போனான்.

இப்படியாக ஒரே புல்வெளியில் இரண்டு அரை வீடுகள், திறந்த பக்கத்தால் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. அக்கா அடுப்பின் முன் நிற்பது தம்பிக்குத் தெரியும். தம்பி சோபாவில் கிடப்பது அக்காவுக்குத் தெரியும். நடுவில் பிளாஸ்டிக் படுதா மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது.

அப்போது அக்டோபர். பனி விழுவதற்குள் அந்தத் திறந்த பக்கத்தை அடைக்காவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும், தரை ஊறும், அரை வீடும் போய்விடும். ஒலீட்டா அதற்குள் சுவர் எழுப்பிவிட நினைத்தாள். வீட்டுக்காக மட்டுமல்ல என்று என் மனைவியிடம் சொன்னாள். "யாரும் கூப்பிடாத வீட்டுல ஒருநாள் படுத்து எழுந்திருக்கணும் எனக்கு. அது அரை வீடா இருந்தாலும் சரி."

அவளுக்குத் தச்சு வேலை தெரியாது. தெரியாத வேலையைச் சரியாகச் செய்கிறவர்கள் உண்டு; ஒலீட்டா அப்படியில்லை, எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தாள். கூரையின் நடு விட்டம் தாங்கலில்லாமல் தொங்கியது. அதற்கு முட்டுக் கொடுக்க, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தனியாக ஓடினாள். தரை, அமுக்கிச் செய்த மரத்தூள் பலகை. நனைந்தால் புட்டு மாதிரி உதிரும். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, இடிக்கப்போகும் பழைய பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கின் தரைப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து போட்டாள். கறுப்பும் சிவப்புமாய்க் கோடுகள் போட்ட பலகைகள். அவள் மாற்றி மாற்றிப் பொருத்தியதில் கோடுகள் எங்கெங்கோ தொடங்கி எங்கும் போகாமல் நின்றன. அடுப்பின் முன்னால் மட்டும் வளைகோட்டின் ஒரு துண்டு முழுசாக வந்திருந்தது.

நாற்பதடி தூரத்திலிருந்து டெல்மர் மேற்பார்வை செய்தான். கையில் பீர் டப்பா.

"அக்கா, அந்தக் கட்டை சாஞ்சிருக்கு."

"நீ சாஞ்சு கெடக்கறேடா. நிமிந்து பாரு."

"சுரங்கத்துல கூரைக்கு முட்டுக் குடுத்தவன்க்கா நான். எனக்குத் தெரியாதா?"

"அதான் சுரங்கத்தையே மூடிட்டாங்களே."

"சிரி, சிரி. காத்தடிச்சா சுவர் உன் மேலதான் விழும்."

"விழட்டும். என் சுவர் என் மேல விழுது."

இதில் ஒரு சிக்கல். மின்சாரக் கம்பம் அவள் பக்கம் இருந்தது. கழிவுத்தொட்டி அவன் பக்கம். அவள் அம்மாவின் அறை மூலையில் ஒரு கழிப்பறை வைத்து, குழாயை அவன் தொட்டிக்கு இழுத்தாள். அவன் அவள் கம்பத்திலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொண்டான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் கென்டக்கி அணியின் கூடைப்பந்து ஆட்டம், சமநிலையில் கடைசி நிமிடம். அவன் அவள் சுவரைப் பற்றி ஏதோ கத்தினான். அவன் விளக்கு அணைந்தது.

"கரன்ட்டு எங்கே?" என்று அலறினான்.

"உன் பாதி வந்துட்டுத்தான் இருக்கு. என் பாதிய நிறுத்தியிருக்கேன்."

மறுநாள் காலை அவள் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. அதன்பின் இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அன்பு செய்யத் தவறியதை இப்படித்தான் குழாய்கள் செய்யும்.

முதல் பனி விழுவதற்குள் சுவர் நின்றுவிட்டது. வெளியே தகரம், நாலைந்து நிறத்தில், கிடைத்த துண்டுகள். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. வெயில் வருகிற பக்கமாயிற்றே என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

டெல்மர் நீலத் தார்ப்பாயை ஆணியடித்து, "வசந்தம் வரட்டும்" என்றான். வசந்தம் வந்தது, பல முறை. தரை திறந்த பக்கத்திலிருந்து உதிரத் தொடங்கியது. அவன் சோபாவை உள்ளே தள்ளினான். மறுவருஷம் இன்னும் உள்ளே. கடைசியில் பின்மூலை அறையும் குளியலறையும்தான் மிச்சம். குளியல்தொட்டியின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். ஒருமுறை புல்வெளியின் நடுவில் நின்று கூப்பிட்டான்.

"அக்கா, ஹோபர்ட் புது அச்சு போட்டுத் தர்றேங்கறான். சேத்துடலாமா?"

"எதோட? சுவர் வெச்சாச்சு."

"சுவரை எடுத்துடலாம்."

"நீ வெச்சிருந்தா எடுக்கலாம்."

ஒலீட்டாவுக்கு அந்த வருஷங்கள் நன்றாக இருந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. அவரைக்கொட்டை வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு, வளைகோட்டின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். கூரைக்கு வருஷா வருஷம் வெள்ளிப் பூச்சு அடித்தாள். விடியும்வரை தூங்கினாள். மகிழ்ச்சி என்றால் வேறு என்னவோ என்று நினைப்பவர்கள் யாரையும் பத்து வருஷம் திருப்பிப் போட்டதில்லை.

பிறகு டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள், அவருடைய சொந்தக்காரர் வீடு எவ்வளவு தூரம் என்று.

"நாற்பதடி," என்றாள் ஒலீட்டா.

அந்தப் பெண் மிகவும் சந்தோஷப்பட்டாளாம்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். "சொல்லிப் பாத்தேன். அந்தப் பொண்ணு மறுபடியும் விலாசம் கேட்டா," என்றாள் ஒலீட்டா.

ஒரு பிரச்சினை மிச்சமிருந்தது. சக்கர நாற்காலி அவளுடைய சின்னப் பின்கதவில் நுழையவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் கட்டிய சுவர்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெட்டினால் எது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டையும் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்த சுவர் ஒன்றுதான் இருந்தது. சிவந்துபோன முகத்தோடு அவள் அந்தச் சுவரை ரம்பத்தால் அறுத்ததை வேலியோரத்திலிருந்து பார்த்தோம். இந்த முறை நாற்காலி போடவில்லை. கதவுக்கு வேறெங்கும் போகவில்லை. டெல்மரின் பாதியில், விழுந்துகொண்டிருந்த கூரையின் கீழ் அம்மாவின் வாசல் கதவு அப்படியே இருந்தது, அவன் அன்று ஆசையாய்த் தேர்ந்தெடுத்தது. அதைக் கழற்றி வந்து மாட்டினாள்.

அந்த வழியாக டெல்மர் உள்ளே வந்தான். கோணிய வாயால் அவன் சொன்ன முதல் வார்த்தையைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நேரமாயிற்று.

"சாஞ்சிருக்கு."

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பாதிரியார், பிரிந்ததைக் கடவுள் எப்படிச் சேர்க்கிறார் என்று பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அவள் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது. டெல்மரை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்?

அவனை அம்மாவின் அறையில் போட்டிருந்தாள். வேறு அறை கிடையாது. நாங்கள் பார்க்கப் போனபோது புதிதாய் மாட்டிய கதவின் இடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள்.

"காத்து வருதுங்கறான்."

நான் கையை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. இரண்டு முறை செய்த வேலை அது.

"ராத்திரி தூங்க விடறானா?" என்று கேட்டாள் என் மனைவி.

"கூப்பிடறான். அம்மா அளவுக்கு இல்ல. அம்மா ஒலீட்டா, ஒலீட்டான்னு முழுப் பேரையும் சொல்லுவா. இவனுக்குப் பாதிதான் வாயில வருது."

உள்ளேயிருந்து அந்தப் பாதி வந்தது. துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.