டோக்கன் இல்லாதவருக்கு ஏது ரத்து?

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் துணிந்தேன்.

ராமேஸ்வரம் பக்கம் ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊர் ஊராக அறிவிப்பது என் தொழில். கடலில் காற்று எச்சரிக்கை என்றால் மீன்துறை அலுவலகத்தில் ஒரு தாள் தருவார்கள். அன்று காலையிலும் தந்தார்கள்: "பலத்த காற்று காரணமாக மீன்பிடி டோக்கன்கள் ரத்து செய்யப்படுகின்றன."

"இதுல உள்ளத மட்டும் வாசிங்க. சொந்தமா எதையும் சேர்த்தீங்கன்னா, அடுத்த தடவை கூப்பிட மாட்டோம்" என்றார் அங்கிருந்த சார்.

டோக்கன் என்பது விசைப்படகுகள் கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டு. துறைமுகத்தில் வாசித்ததும் ஒரு விசைப்படகும் கிளம்பவில்லை. அடுத்து, நாட்டுப்படகுக்காரர்கள் இருக்கும் குப்பத்தில் வாசித்துவிட்டு வந்தேன்.

மதியம் காற்று ஏறியது. மறுபடி அதே குப்பத்துக்குப் போனபோது காளியம்மாள் என்ற பெண் ஆட்டோவை மறித்தாள்.

"ஏண்ணே, காலையில வாசிச்சதையே வாசிக்கிறீக. கடலுக்குப் போலாமா, கூடாதா?"

"ரத்துன்னா போகக் கூடாதும்மா."

"நாங்க என்னைக்குண்ணே டோக்கன் வாங்குனோம்? 'விசைப்படகுக்காரவுகளுக்கு ரத்தாம், இன்னைக்கு நம்ம வலைய அறுக்க ஆளில்ல, மீனெல்லாம் நமக்குத்தான்'னு சிரிச்சுக்கிட்டே போனாரே எங்க வீட்டுக்காரரு! என் தம்பியும் கூடப் போயிருக்கான்."

கடல் கலங்கி மண் நிறத்தில் கிடந்தது. போன் போட்டுச் சாரிடம் சொன்னேன். "மேலதிகாரிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்குள் இன்னொரு படகைச் சிலர் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தாளைக் கீழே வைத்துவிட்டு மைக்கில் கத்தினேன்: "எந்தப் படகும் போகாதீக! நாட்டுப்படகும் போகக் கூடாது! போனா உசுரு மிஞ்சாது!"

"ஏலே, மைக் செட்டுக்காரருக்கு வாயிருக்குடா!" என்று ஒருவர் சிரித்தார். ஆனாலும் படகைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள்.

காளியம்மாள் சிரிக்கவில்லை. "அவரையும் கூப்பிடுங்கண்ணே. பேரு முனியசாமி."

அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும், ஆட்டோவைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தி, "முனியசாமி, கரைக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். காற்று என் குரலை என் முகத்திலேயே திருப்பி அடித்தது. நான் நிறுத்தும்போதெல்லாம் அவள், "இன்னொரு தடவண்ணே" என்றாள். மறுபடி கூப்பிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் படகு தெரிந்தது. வலையை அறுத்து விட்டுவிட்டுத் படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைத்தபடியே இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். காளியம்மாள் புருசனைத் தாண்டிப் போனாள். தம்பியை மட்டும் முதுகில் ஓர் அடி அடித்தாள்.

ஒருவருக்குக் கொடுத்ததைத்தான் ரத்து செய்ய முடியும். எதுவும் வாங்காதவருக்கு அந்தச் சொல்லால் ஒரு தடையும் இல்லை. அவரிடம் "போகாதே" என்றுதான் சொல்ல வேண்டும். கையில் எந்தத் தாள் இருந்தாலும், கேட்கிறவர் யார் என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள்.

மறுநாளும் காற்று அடித்தது. முனியசாமி வலையில்லாமல் வீட்டில் இருந்தார்.